அச்சடித்த கையே!

எதிர்வரிசையிலே பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அருமை நண்பர்களே! முதல் ஷிப்ட் முடிச்சு, வீட்டுக்குக்கூடப் போகாம, யூனிஃபாரத்தோட இந்த ஸ்ரீபெரும்புதூர்க் கல்யாண மண்டபத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிற தம்பிகளே, தங்கைகளே, தாய்மார்களே!

ஒன்பதரைக்கு ராத்திரி ஷிப்ட் பஸ் வந்துடும். பாதிப்பேர் எழுந்து போயிடுவீங்க. எனக்குத் தெரியும், நானும் இந்த ஊர்க்காரிதான். அதுக்குள்ள முடிச்சிடறேன். (சிரிப்பு)

தலைப்பு என்ன? 'அந்நிய ஆட்சியை அசைத்தது எழுதிய கையா? அச்சடித்த கையா?' எனக்கு முன்னால் பேசிய நண்பர் ரொம்ப அழகாப் பேசினார். "பாரதி எழுதலேன்னா எதைய்யா அச்சடிப்பீங்க? வெள்ளைத்தாளையா?" என்று கேட்டார். நீங்களும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். நல்ல கேள்விக்குக் கை தட்டணும் இல்லையா?

நடுவர் அவர்களே, பதிலை இந்த ஊரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். இது ராமானுஜர் பிறந்த ஊர். திருக்கோட்டியூரிலே குருநாதர் எட்டெழுத்து மந்திரத்தைச் சொல்லிக் கொடுத்து, "யாருக்கும் சொல்லாதே"ன்னு சொன்னார். இவர் என்ன செய்தார்? கோபுரத்து மேல ஏறி நின்னு ஊருக்கே சொன்னார்னு பெரியவங்க சொல்லுவாங்க. அந்த மந்திரத்தை ராமானுஜர் எழுதினாரா? இல்லை. அது அவருக்கு முன்னாலேயே இருந்தது. நாலு பேருக்குத் தெரிஞ்சதை நாலாயிரம் பேருக்குத் தெரிய வச்சாரே, அதுக்காகத்தான் இந்த ஊர்த் தெருவில் இன்னிக்கும் அந்தக் கதையைச் சொல்றோம். மெஷின் இல்லாத காலத்திலே அதுதான் அச்சடிக்கிற வேலை! (கைதட்டல்)

சரி, விஷயத்துக்கு வர்றேன். ஒரு வீட்டிலே எது உயர்ந்த பொருள்னு தெரியணும்னா வீட்டுக்காரரைக் கேட்காதீங்க, திருடனைக் கேளுங்க. அவன் எந்தப் பெட்டியை முதல்ல உடைக்கிறானோ அதுதான் உயர்ந்தது. அதனால நானும் வெள்ளைக்காரனையே கேட்கிறேன். ஐயா துரையே, உனக்கு எந்தக் கையைக் கண்டு பயம்?

அவன் பதிலைச் சட்டமா எழுதி வச்சிருக்கான். 1867-ஆம் வருஷம் ஒரு சட்டம் வந்தது. அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டம். அச்சு மெஷின் வச்சிருக்கிறவன் மாஜிஸ்திரேட் முன்னால போய், 'இன்ன ஊரில் இன்ன இடத்தில் என்னிடம் அச்சகம் இருக்கிறது'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். அச்சடிக்கிற ஒவ்வொரு புத்தகத்திலேயும், ஒவ்வொரு தாளிலேயும் அச்சடிச்சவன் பேரும் ஊரும் இருக்கணும். நோட்டீஸோட அடியில, எறும்பு ஊர்ந்த மாதிரி சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்குமே, அதுதான். நாம அதை விளம்பரம்னு நினைச்சோம். விளம்பரம் இல்லைங்க. அது போலீஸ்காரருக்கு வழி சொல்ற விலாசம்!

ஒரு விஷயம் கவனிங்க. கட்டுரை எழுதினவர் பேர் போடணும்னு அந்தச் சட்டம் கேட்கல. புனைபெயரில் எழுதலாம், பேரே இல்லாமலும் எழுதலாம். ஆனா அச்சடிச்சவன் பேர் கட்டாயம் வேணும். துரை எந்தக் கையைத் தேடினான்? நடுவர் குறிச்சுக்கணும். (கைதட்டல்)

1878-இல் லிட்டன் பிரபு தாய்மொழிப் பத்திரிகைகளுக்குன்னு தனியா ஒரு சட்டம் போட்டார். இங்கிலீஷ் பத்திரிகைக்கு அது கிடையாது. வங்காளியில, இந்தியில எழுதினாத்தான் பிடிக்கும். அப்பவும் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டியவங்க அச்சிடுபவரும் வெளியிடுபவரும்தான். கல்கத்தாவிலே 'அமிர்த பஜார் பத்திரிகா' ராவோடு ராவா இங்கிலீஷ் பத்திரிகையா மாறிடுச்சு. சட்டம் அவங்க வாசல் வரைக்கும் வந்துட்டு, ஏமாந்து நின்னுது. (சிரிப்பு) நம்ம சென்னை மாகாணத்துக்கு அந்தச் சட்டம் வரல. நமக்கு வேற மருந்து வச்சிருந்தாங்க. அது பின்னால வருது.

இப்ப பாரதியார். எதிரணி நண்பர் பாரதியைச் சொந்தம் கொண்டாடினார். நானும் அவர்கிட்டத்தான் வர்றேன்.

'இந்தியா' வாரப் பத்திரிகை 1906-இல் சென்னையிலே தொடங்கினது. சிவப்புத்தாளில் வந்தது, கார்ட்டூன் போட்டது. எழுதினது பாரதி. 1908 ஆகஸ்டிலே சர்க்கார் பாய்ஞ்சுது. யாரைப் பிடிச்சாங்க? பாரதியையா? இல்லை. பதிவேட்டிலே பேர் கொடுத்திருந்தவர் எம். சீனிவாசன். அவரைப் பிடிச்சாங்க. எழுதின கை புதுச்சேரிக்குப் போயிடுச்சு. பேர் கொடுத்த கைக்கு அஞ்சு வருஷம் தண்டனை. நண்பரே, எட்டயபுரத்திலே மணிமண்டபம் இருக்கு. வேணும், கட்டாயம் வேணும். ஆனா இந்தச் சீனிவாசன் பேரை இதுக்கு முன்னால கேட்டவங்க இந்த மண்டபத்தில் எத்தனை பேர்? கை தூக்குங்க பார்ப்போம்.

(சற்று அமைதி)

மேடையிலே நடுவர் மட்டும் தூக்கறார். அவர் படிச்சவர், அவரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. (சிரிப்பு)

அதே ஆகஸ்டிலே 'சுதேசமித்திரன்' ஜி. சுப்பிரமணிய ஐயரையும் பிடிச்சாங்க. உடம்புக்கு முடியாம குற்றாலத்தில் இருந்தவரை! அவர் எழுதினவரும்தான், நடத்தினவரும்தான். ஆளுக்கு ஒரு கையா எடுத்துக்கலாம், எனக்கு ஆட்சேபனை இல்லை.

பாரதி புதுச்சேரிக்குப் போனார். போன மறுநாளே 'இந்தியா' வந்துடுச்சா? வரல. கவிஞர் போய்ச் சேர்ந்துட்டார், கை இருக்கு, பேனா இருக்கு, நெஞ்சிலே நெருப்பு இருக்கு. பத்திரிகை இல்லை! ஏன்? மெஷின் வரல. மண்டயம் திருமலாச்சாரியார் அச்சு இயந்திரத்தையும் எல்லை தாண்டிக் கொண்டு போய்ச் சேர்த்த பிறகு, அக்டோபரிலேதான் 'இந்தியா' மறுபடி வந்தது. பாட்டை மனசிலே வச்சுக்கிட்டு ரயில் ஏறலாம். அச்சு மெஷினை மனசிலே வச்சுக்கிட்டு ஏற முடியுமா? (பலத்த கைதட்டல்)

புதுச்சேரி பிரெஞ்சுக்காரன் மண். அங்கே போய் வெள்ளைக்காரப் போலீஸ் கை வைக்க முடியாது. என்ன செய்வான்? அச்சடிக்கிறதைத் தடுக்க முடியலேன்னா, அச்சடிச்சது வந்து சேர்றதைத் தடுப்பான். தபாலாபீஸிலேயே மடக்கினான். பிரிட்டிஷ் இந்தியாவுக்குள்ள வரக்கூடாதுன்னு தடை போட்டான். சந்தாதாரர் எல்லாம் எல்லைக்கு இந்தப் பக்கம், பத்திரிகை அந்தப் பக்கம். 1910 மார்ச்சிலே 'இந்தியா' நின்னுபோச்சு.

இது புதுச் சூழ்ச்சியா? இல்லைங்க. இருபத்தாறு வருஷம் முன்னாலேயே பாரிஸிலே ஒத்திகை பார்த்த நாடகம். அதுவும் பிரெஞ்சு மண்தான். எகிப்து நாட்டை 1882-இல் இங்கிலீஷ்காரன் பிடிச்சான். 1884-இல் ஜமாலுத்தீன் ஆப்கானியும் முகம்மது அப்துவும் பாரிஸிலே உட்கார்ந்து அரபி மொழியிலே ஒரு பத்திரிகை அச்சடிச்சாங்க. பேர் 'அல் உர்வத்துல் உஸ்கா'. அறுந்துபோகாத பலமான பிடின்னு அர்த்தம். எகிப்துக்கும் இந்தியாவுக்கும் தபாலிலே இலவசமா அனுப்பினாங்க. அதிகாரிகள் என்ன செய்தாங்க? எதிர்த்து ஒரு கட்டுரை எழுதினாங்களா? 'நீ சொல்றது தப்பு, இதோ கணக்கு'ன்னு பதில் சொன்னாங்களா? எகிப்திலேயும் தடை, இந்தியாவிலேயும் தடை. எகிப்திலே அதைக் கையில வச்சிருந்தாலே அபராதம். அந்தப் பத்திரிகை மொத்தம் 18 இதழ்தான். மார்ச்சில் பிறந்தது அக்டோபரில் முடிஞ்சது.

அப்புறம் 1914-இல் கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து 'ஜஹானே இஸ்லாம்'னு ஒண்ணு, அரபியும் துருக்கியும் உருதுவும் கலந்து வந்தது. அதைத் தடுத்தது எந்தச் சட்டம் தெரியுமா? சுங்கச் சட்டம்! சரக்கைப் பிடிக்கிற சட்டம். கட்டுரையைச் சாராயம் மாதிரி துறைமுகத்திலே நிறுத்தினாங்க. இங்கே கம்பெனியிலே ஏற்றுமதி இறக்குமதிப் பிரிவிலே வேலை பார்க்கிற பிள்ளைங்க இருக்கீங்க. உங்களுக்குப் புரியும்: சரக்கு நல்லதா கெட்டதாங்கிற பேச்சே அங்கே கிடையாது, உள்ளே விடலாமா கூடாதாங்கிறதுதான் பேச்சு.

இங்கே ஒரு வேடிக்கை சொல்லணும். சென்னையிலே சர்க்கார் மொழிபெயர்ப்பாளர்கள் இருந்தாங்க. தமிழ், தெலுங்குன்னு அத்தனை பாஷைப் பத்திரிகையையும் படிச்சு, என்ன எழுதியிருக்கான்னு இங்கிலீஷிலே சுருக்கி, வாராவாரம் அறிக்கையா மேலிடத்துக்கு அனுப்புவாங்க. நம்ம ஆளு பத்திரிகை வாங்கினா முதல் பக்கம் பார்ப்பார், மீதியிலே வடை மடிப்பார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் தவறாம படிச்ச வாசகர் ஒருத்தர்தான், அது சர்க்கார்! (சிரிப்பு) அந்தக் காலத்துத் தமிழ் இதழ்கள் பலது இன்னிக்கு ஒரு பிரதிகூடக் கிடையாது. என்ன எழுதியிருந்தாங்கன்னு தெரியணும்னா எழும்பூர் ஆவணக் காப்பகத்திலே அந்த அறிக்கையைத்தான் புரட்டணும். அழிக்க நினைச்சவன்தான் பத்திரமா வச்சிருக்கான். ஆனா அவன் வச்சிருக்கிறதும் அச்சடிச்சு வந்ததைத்தான். அச்சேறாத எழுத்துக்கு அந்த அறிக்கையிலேயும் இடம் இல்லை, நடுவர் அவர்களே!

இப்ப முன்னாடி சொன்ன மருந்துக்கு வர்றேன். 1910 பத்திரிகைச் சட்டம். அதுக்கு முந்தின வருஷம்தான் எகிப்திலே தூங்கிக்கிட்டிருந்த 1881-ஆம் வருஷப் பத்திரிகைச் சட்டத்தைத் தட்டி எழுப்பினாங்க. கெய்ரோ தெருவிலே ஜனங்க திரண்டாங்க. அங்கே 1909, இங்கே 1910. இந்தச் சட்டத்திலே என்ன விசேஷம்? ஜெயில் முக்கியமில்லை. ஜாமீன் தொகை! புதுசா பிரஸ் வைக்கிறவன் 500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாய் வரைக்கும் முன்கூட்டியே சர்க்காரிடம் கட்டணும். பிடிக்காத ஒண்ணை அச்சடிச்சா அந்தப் பணம் பறிமுதல். அப்புறமும் நடத்தணும்னா 10,000 வரைக்கும் கேட்கலாம்.

2,000 ரூபாய்னா இன்னிக்கு ஒரு குடும்பம் ஓட்டலுக்குப் போயிட்டு வந்தா காலி. அன்னிக்கு? 1904-இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியிலே பாரதி தமிழாசிரியர். மாசச் சம்பளம் பதினேழரை ரூபாய். கணக்குப் போடுங்க. 2,000 ரூபாய் சேர்க்க, ஒரு காசு செலவழிக்காம, ஒன்பதரை வருஷம் ஆகும். 10,000-க்கு நாற்பத்தேழு வருஷத்துக்கு மேல. அந்த மகான் வாழ்ந்ததே 39 வயசு நிறையறதுக்கு முன்னால முடிஞ்சுபோச்சு.

அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையிலே 'நியூ இந்தியா' நடத்தினாங்க. 1916 மே மாசம் 2,000 கட்டுன்னாங்க. கட்டினாங்க. ஆகஸ்டிலே பறிமுதல். இப்ப 10,000 கட்டு. அதையும் கட்டினாங்க! ஹைகோர்ட்டுக்குப் போனாங்க, ஜெயிக்கல. அந்தம்மாவுக்குப் பின்னால கொடுக்கிறதுக்கு ஆள் இருந்தது. மூலைக்கடைப் பிரஸ்காரனுக்கு யார் இருக்கா?

அந்த மூலைக்கடைப் பிரஸ்காரனைப் பத்தி எனக்குக் கொஞ்சம் தெரியும். எங்கப்பா ஒருத்தர்.

இதே ஊரிலே எங்கப்பா சின்னதா ஒரு பிரஸ் வச்சிருந்தார். டிரெடில் மெஷின். நான் ஸ்கூல் விட்டு வந்தா கேஸ் பக்கத்திலே உட்கார்ந்து ஈய எழுத்தை எடுத்து எடுத்துக் கொடுப்பேன். அச்சு எழுத்து கண்ணாடியிலே பார்க்கிற மாதிரி இடவலமா இருக்கும். எனக்கு அப்படிப் படிச்சுத்தான் பழக்கம்; புத்தகத்திலே நேரா இருந்தா முதல்ல தடுமாறுவேன். ஸ்ரீபெரும்புதூர் பாருங்க, எல்லா நோட்டீஸிலேயும் ஊர்ப் பேர் வரும், கல்யாண சீசனிலே மாப்பிள்ளை பேருக்கு முன்னாலேயும் வரும். 'ஸ்ரீ' எழுத்துக்கு எப்பவும் பஞ்சம்! (சிரிப்பு) மாஜிஸ்திரேட் முன்னால கொடுத்த உறுதிமொழியோட நகலைக் கண்ணாடி போட்டு, முருகன் படத்துக்குப் பக்கத்திலே மாட்டியிருப்பார். துரை போட்ட சட்டம்னு அப்ப எனக்குத் தெரியாது. அந்த 1867 சட்டம் 2024 மார்ச் வரைக்கும், 157 வருஷம் உயிரோட இருந்தது. இப்பவும் தேர்தல் நோட்டீஸ் அடிச்சா அச்சடிச்சவர் பேர் போட்டாகணும். அது வேற சட்டம்.

1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து கார் வெளியே வர ஆரம்பிச்சுது. அப்புறம் இந்தப் பக்கம் சுங்குவார்சத்திரம், அந்தப் பக்கம் ஒரகடம்னு கம்பெனி மேல கம்பெனி. எங்கப்பா கடன் வாங்கி மினி ஆஃப்செட் போட்டார். கல்யாணப் பத்திரிகை போய் கேட் பாஸ் புக், கேன்டீன் டோக்கன், டெலிவரி சலான்னு வேலை வந்தது. ஒரு உதிரிபாகக் கம்பெனி, பேர் வேண்டாம். எங்க வீட்டு வருமானத்திலே பாதி அந்த ஒரு கம்பெனிதான்.

2009. நான் காலேஜ் இரண்டாம் வருஷம். அந்தக் கம்பெனியிலே வேலை பார்த்த கான்ட்ராக்ட் பசங்க நாலு பேர் வந்து ஒரு நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தாங்க. புரட்சி எல்லாம் இல்லைங்க. ராத்திரி ஷிப்டுக்குப் பஸ் வேணும், ஓவர்டைம் கணக்கை எழுதிக் காட்டணும், அவ்வளவுதான். "ஐயா, உங்க பேர் போட வேணாம், உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு"ன்னாங்க. எங்கப்பா சொன்னார்: "பேர் இல்லாத நோட்டீஸ் மொட்டைக் கடுதாசிடா. எவன் நம்புவான்?" போட்டார். அடியிலே, சின்ன எழுத்திலே.

போலீஸ் வந்ததா? வரல. யாராவது மிரட்டினாங்களா? கிடையாது. அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து ஒரு போன். "சார், கேட் பாஸ் புக் இனிமே வெளியிலே பார்த்துக்கறோம்." மரியாதையா, 'சார்' போட்டுத்தான் பேசினாங்க.

ஒரு மாசம் கழிச்சு அதே பசங்க மறுபடி வந்தாங்க. ராத்திரி எட்டு மணி இருக்கும். கையிலே இரண்டாவது நோட்டீஸ். எங்கப்பா அவங்க முகத்தைப் பார்க்கல. "மெஷின் ரிப்பேர்ப்பா"ன்னார். நான் உள்ளே ரீம் எண்ணிக்கிட்டு இருந்தேன். மெஷின் அப்பதான் நின்னிருந்தது. காயப்போட்ட தாள் எல்லாம் அவங்க கண்ணெதிரே வரிசையா இருந்தது. அதிலே ஒரு தம்பி அதைப் பார்த்தான். "பரவாயில்லைங்க ஐயா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். அந்த வாரம் என் காலேஜுக்கு ஃபீஸ் கட்டினாங்க.

(அமைதி)

நான் எங்கப்பாவைக் குத்தம் சொல்ல வரல. 1910-இல் ஜாமீன் தொகைச் சட்டத்தை எழுதின அதிகாரிக்கு எங்கப்பாவைத் தெரியாது. ஆனா எங்கப்பா மாதிரி ஆளுங்களை அவனுக்கு ரொம்ப நல்லாத் தெரியும். பொண்ணுக்குப் படிப்பு, மெஷினுக்குக் கடன், வாசலிலே பேர்ப்பலகை. எழுதறவன் ஊர் விட்டு ஊர் ஓடலாம். அரை டன் இரும்பைத் தூக்கிக்கிட்டு இவன் எங்கே ஓடுவான்? ஜெயிலே வேண்டாம், கணக்குப் புத்தகத்திலே கை வை, மெஷின் தானா ரிப்பேர் ஆயிடும்!

அப்படியும் அச்சடிச்சாங்களே! அதைத்தான் நான் கேட்கிறேன். 1907-இல் வி. கிருஷ்ணசாமி ஐயர், மிதவாதி, பாரதியோட அரசியலுக்கு எதிர்ப்பக்கம், அந்தப் பாட்டைக் கேட்டுட்டுத் தன் செலவிலே 15,000 பிரதி அச்சடிச்சு இலவசமா கொடுத்தார். பாரதி எழுதினது ஒரு பிரதி, நண்பரே. மீதி 14,999-ஐ யார் கணக்கிலே எழுதறது? (பலத்த கைதட்டல்)

மணி அடிச்சிட்டாங்க. நடுவர் அவர்களே, ஒரே நிமிஷம், பஸ் இன்னும் வரல.

எங்கப்பா இங்கேதான், மூணாவது வரிசையிலே உட்கார்ந்திருக்கார். பிரஸ்ஸை விட்டு ஆறு வருஷம் ஆச்சு. அந்த இரண்டாவது நோட்டீஸ் கதையை மேடையிலே சொல்லட்டுமான்னு காலையிலே கேட்டேன். ரொம்ப நேரம் பேசாம காபியை ஆத்திக்கிட்டே இருந்தார். அப்புறம் சொன்னார்: "சொல்லும்மா. பிரஸ் பேரை மட்டும் போட்டுடாதே."

போடலைப்பா.